எந்தக் கேட்டை மூடுவது?

"...வேணாம்னா வேணாம்னு வாயால ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். அதுக்குன்னு, ஒரு மனுஷன் ஆட்டோவ உட்டு எறங்கி நிக்கையில, மூஞ்சிக்கு நேரா கேட்ட சாத்தி, பூட்டு போட்டு, அதுக்கும் மேல சுத்தியால வேற அடிப்பாங்களா?"

சொன்னவர் என் மாமனார். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு, எங்கள் வீட்டுக்கு, முதன்முதலாக வந்திருந்தார். சொன்னது என்னிடம் இல்லை, பக்கத்தில் நின்ற மாமியாரிடம். என்னிடம் நேராகப் பேசும் வழக்கம் அவருக்கு அப்போது கிடையாது. கேட்டுக்கு உள்பக்கம், தலைமுடியிலிருந்து தண்ணீர் ஒழுக, ஒரு கையில் சுத்தியலும் மறுகையில் செல்போனுமாக நின்றவன்தான் நான்.

தெரிந்த தொழிலை விட்டவனும் கெட்டான், தெரியாத தொழிலைத் தொட்டவனும் கெட்டான் என்பார்கள். நான் இரண்டாவது ஆள். (முதல் ஆளாகவும் சேர்த்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் பேசுவது. அன்றைக்கு அதையும் விட்டுவிட்டுச் சுத்தியலைப் பிடித்தேன்.)

செல்வியும் நானும் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். மாமனார் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தனை சர்க்கரைக்கு நடுவே இருந்த மனிதர் என் விஷயத்தில் மட்டும் ஒரு சிட்டிகைகூடக் காட்டவில்லை. "பொண்ணு வந்து போவட்டும், நான் வேணாங்கல. ஆனா அந்த வூட்டுப் படிய நான் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே பல வருஷம் இருந்தும் காட்டினார்.

அப்படிப்பட்டவரை மாமியார் எப்படியோ கரைத்துவிட்டார். ஒருநாள் செல்விக்குப் போன் வந்தது. "ஞாயித்துக்கெழம வராரு. சாப்புட்டுட்டு ஒடனே கெளம்பிருவாராம். எதுலயும் ஒரு கொற இருக்கக் கூடாதுடி. இந்தத் தடவ மொகம் சுளிச்சிட்டாருன்னா, அப்பறம் என் ஆயுசுக்கும் அவர அங்க கூட்டிகினு வர முடியாது."

போனை வைத்ததும் செல்வி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். குறை என்று பார்த்தால் நிறையவே இருந்தது. (அதில் உயரமான குறை, நான்.) ஆனால் அவள் கண் போய் நின்றது சமையலறைக் குழாயில். அது சொட்டும். இறுக்கினால் வேகமாகச் சொட்டும். எங்கள் பக்கத்தில், குழாய் சொட்டுகிற வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்று சொல்வார்கள். மாமனார் அதை அடிக்கடி சொல்பவர். அந்தச் சொட்டைக் கேட்டுக்கொண்டே அவர் சாப்பிட உட்கார்ந்தால், சாம்பாருக்கு முன்னால் பெண்ணின் எதிர்காலத்தைப் பிசைய ஆரம்பித்துவிடுவார்.

பிளம்பருக்குச் சொன்னோம். "நாளைக்கு வரேன் சார்" என்றார். பிளம்பர்கள் சொல்லும் நாளை, எந்தக் காலண்டரிலும் அச்சாகாத ஒரு கிழமை.

"விடு, நானே மாத்திடறேன்" என்றேன்.

செல்வியின் முகம் மாறியது. அதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன்பே நான் சில வேலைகளை என் கையாலேயே செய்து முடித்திருந்தேன். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் மாட்டினேன், வெளிப்பக்கமாக. சுவரில் ஆணி அடித்தேன். பக்கத்துப் போர்ஷன்காரர் தங்கள் காலண்டரையும் அதிலேயே மாட்டிக்கொண்டார், அவர் பக்கமிருந்து.

"ஏங்க, ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுதான். கத்துக்கிட்டா தெரிஞ்சிடும்ல?"

கற்றுக்கொண்டது செல்போனில். குழாய் மாற்றுவது எப்படி என்று தேடினேன். முதலில் வந்த வீடியோ இந்தியில் இருந்தது. அந்த ஆளின் சிரித்த முகம் எனக்குப் பிடித்துவிட்டது. கை வேலைக்கு மொழி எதற்கு, கையைப் பார்த்தால் போதாதா என்று நினைத்தேன். எடுத்த எடுப்பில் அவர் "பானி பந்த், பானி பந்த்" என்று திரும்பத் திரும்ப அழுத்திச் சொன்னார். வடக்கே எங்கோ பந்த் நடக்கிறது போலிருக்கிறது, பாவம், வேலைக்கு நடுவே நாட்டு நடப்பும் சொல்கிறார் என்று அந்த இடத்தை மட்டும் ஓட்டிவிட்டேன். (பானி என்றால் தண்ணீர், பந்த் என்றால் மூடு. 'முதலில் தண்ணீரை மூடுங்கள்' என்று அந்தப் புண்ணியவான் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருக்கிறார்.)

கீழ வீதிப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

"பைப்பு வேலைக்கு வந்திருக்கேன்" என்றேன், தொழில்காரன் தோரணையில்.

"எல்போவா, டீயா?" என்றார் கடைக்காரர்.

"இப்பத்தாங்க குடிச்சிட்டு வந்தேன்."

அவர் ஒரு டப்பாவைத் திறந்தார். குழாய் இப்படித் திரும்பினால் எல்போ, இரண்டாகப் பிரிந்தால் டீ என்று இரண்டு துண்டுகளை எடுத்துக் காட்டினார். இரண்டும் வேண்டாம், குழாய்தான் வேண்டும் என்றேன். "அரையா, முக்காலா?" என்றார். முழுசாகவே கொடுங்கள் என்றேன். கடைசியில் அவரே ஒரு குழாயையும் வெள்ளை டேப் சுருளையும் கட்டிக் கொடுத்து, "கூட யாராச்சும் ஆள் வச்சுக்கங்க சார்" என்றார். உதவிக்கு என்று நினைத்துக்கொண்டேன். காவலுக்குச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. வடைக்கு மாவு அரைத்தாகிவிட்டது. ஸ்பானரை மாட்டி பழைய குழாயைத் திருகினேன். முதலில் முரண்டு பிடித்தது. பிறகு சொன்னபடி கேட்டது. செல்வியைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா, இவ்ளோதான்" என்றேன். அந்த 'தான்' முடிவதற்குள் குழாய் என் கையோடு வந்துவிட்டது. மாடித் தொட்டியில் இருந்த தண்ணீர் முழுக்க, இத்தனை காலம் சொட்டுச் சொட்டாக அடக்கி வைத்திருந்த கோபத்தை எல்லாம் சேர்த்து, என் நெஞ்சில் வந்து அடித்தது. நான் விலகியதும் எதிர்ச் சுவரில் அடித்தது. வடை மாவு மோராகிவிட்டது. சாம்பார் பாத்திரம் நிறைந்து, ரசமாகி, அடுப்பை அணைத்தது.

செல்வி துண்டைச் சுருட்டி ஓட்டையில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கினாள். துண்டைச் சுற்றி நான்கு பக்கமும் பீய்ச்சியது. "நின்னு பாக்காதீங்க! தம்பிக்குப் போன் போடுங்க!" என்று கத்தினாள்.

அவள் தம்பி பிரபு கடலூர் ஓல்டு டவுனில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ரிப்பேர் என்ற சொல் பொதுவானது என்பதால் எங்கள் குடும்பத்தில் எது கெட்டாலும் அவனுக்குத்தான் போன். விஷயத்தைச் சொன்னேன்.

"மாமா, பதறாதீங்க. ஓடிப்போய் மொதல்ல கேட்ட மூடுங்க!"

"கேட்டையா மச்சான்?"

"ஆமா மாமா, கேட்டத்தான்! நின்னு பேசாம ஓடுங்க!"

ஓடினேன். ஏன், எதற்கு என்று தோன்றாமல் இல்லை. வீட்டுத் தண்ணீருக்கும் வாசல் கேட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒருவேளை தண்ணீர் தெருவுக்குப் போய் மானம் போகக்கூடாது என்று சொல்கிறானோ? ஆபத்தில் உதவுகிறவனைக் குறுக்குக் கேள்வி கேட்கக்கூடாது. விரியத் திறந்து வைத்திருந்த கேட்டை (மாமனார் வரவேற்புக்காக அதில் மாவிலை வேறு கட்டியிருந்தது) இழுத்து மூடினேன்.

"மூடிட்டேன் மச்சான்!"

"தண்ணி நின்னுச்சா?"

"இல்லையே, கேட்டுக்கு அடியில போவுது."

"அடியில லீக்கா? அப்ப முழுசா மூடல மாமா. நல்லா வலப்பக்கமா சுத்துங்க."

எங்கள் கேட் இடப்பக்கம் திறந்து வலப்பக்கமாகச் சுற்றி வந்துதான் மூடும். ஆகவே பையன் சரியாகத்தான் சொல்கிறான் என்று பட்டது. மறுபடி திறந்து, நன்றாக வலப்பக்கம் சுழற்றி, படாரென்று அறைந்தேன். அப்போதும் தண்ணீர் நிற்கவில்லை. சரி, இறுக்கம் போதவில்லை என்று சங்கிலியைச் சுற்றி அமுக்குப் பூட்டையும் போட்டேன். (சாவி சமையலறை மேடையில் இருந்தது. "இப்ப எங்க மிதக்குதோ" என்று பிறகு நான் சொன்னபோது, சாவி மிதக்காது என்று செல்வி திருத்தினாள்.)

"இன்னும் நிக்கல மச்சான்!"

"ரொம்ப நாளா மூடாம துருப்புடிச்சிருக்கும் மாமா. சுத்தியால ரெண்டு போடு போடுங்க, எறங்கிடும்."

சுத்தியலை எடுத்து வந்து அடித்தேன். கேட் அதிர்ந்தது. மாவிலை உதிர்ந்தது. இரண்டாவது அடிக்கு ஓங்கியபோதுதான் கம்பிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆட்டோவும், அதன் முன்னால் பலாப்பழத்தை மார்போடு அணைத்தபடி வெள்ளை வேட்டி சட்டையில் என் மாமனாரும் நிற்பதைப் பார்த்தேன். வாங்க மாமா என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு.

"கொஞ்சம் இருங்க மாமா, இத நல்லா மூடிட்டு வந்துடறேன்."

சொல்லிவிட்டு இன்னொரு அடி அடித்தேன்.

அப்போதுதான் அவர் மாமியாரைப் பார்த்து, ஆரம்பத்தில் நான் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டுவிட்டு ஆட்டோக்காரரிடம், "வண்டியத் திருப்புப்பா, பஸ் ஸ்டாண்டுக்குப் போவலாம்" என்றார்.

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தனை வருஷம் கரைத்தது ஒரு சுத்தியல் அடியில் மறுபடி கெட்டியாகிவிட்டது. எனக்கோ இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீரை நிறுத்தினால் இவர் போகிறார், இவரை நிறுத்தக் கேட்டைத் திறந்தால் தண்ணீர் நிற்காது. என்ன செய்வது என்று, சத்தியமாக, யோசித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து செல்வி சொட்டச் சொட்ட ஓடி வந்தாள். "அப்பா, போவாதீங்கப்பா! தண்ணி நிக்கணும்னுதான் கேட்ட மூடினாரு!" அவள் கையை எடுத்ததும் உள்ளே தண்ணீர் இரட்டிப்பாகி, வாசல் வழியாக வந்து, கேட்டுக்கு அடியில் புகுந்து மாமனாரின் செருப்பை நனைத்தது.

அவர் குனிந்து பார்த்தார். "தண்ணி நிக்க... கேட்டயா?"

"பிரபுதான் மாமா சொன்னாரு" என்று போனை நீட்டி, ஸ்பீக்கரைப் போட்டேன். பிரபுவின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. "மாமா! மாடியில டேங்குக்குக் கீழ செவப்பா ஒரு கைப்புடி இருக்கும் பாருங்க, கேட்டு வால்வு! அதத்தான மூடிகினு இருக்கீங்க?"

வால்வு என்ற சொல்லை அவன் அப்போதுதான் முதல் தடவையாக உச்சரித்தான்.

செல்வி மாடிக்கு ஓடினாள். முதலில் வாய் திறந்தவர் ஆட்டோக்காரர். "அப்ப ரயில்வே கேட்ட மூடினா கொள்ளிடமே நின்னுடும்போல சார்!"

அந்த வாக்கியம் இன்றுவரை எங்கள் குடும்பத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் குமராட்சிப் பக்கம் வெள்ளம் என்று செய்தி வந்தால் போதும், பிரபு போன் செய்து, "மாமா, சுத்திய எடுத்துகினு கெளம்புங்க" என்பான். மாமியார் தன் பங்குக்கு ஒரு பழமொழியே கட்டிவிட்டார்: "கேட்ட மூடறதுக்கு முன்னால, கேட்டு மூடணும்." கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் யாராவது ஒருவர் என்னைக் காட்டி அதைச் சொல்லாமல் பந்தி முடிவதில்லை.

ஆனால் அன்றைக்கு மாமனார் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், "சாவி எங்கன்னு கேளு" என்றார் மாமியாரிடம். வெள்ளத்தில் எங்கே போனதோ என்று சமையலறைப் பக்கம் கையைக் காட்டினேன். பலாப்பழத்தைக் கேட்டுக்கு மேலாக என்னிடம் நீட்டினார். வாங்கிக் கீழே வைத்தேன். செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். "இன்னாங்க இது, இந்த வயசுல!" என்று மாமியார் பதற, கம்பியில் கால் வைத்து ஏறி, கேட்டின் உச்சியில் ஒரு காலை இந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு கீழே பார்த்தார். இறங்க வழி தெரியவில்லை.

"காலப் புடிங்க!" என்றார்.

என்னிடம் அவர் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார், நியாயம்தானே என்று நினைத்தேன். "மன்னிச்சிடுங்க மாமா" என்று சொல்லி, ஓடுகிற தண்ணீரில் நெடுஞ்சாண்கிடையாக விழப்போய், பலாப்பழம் இடித்ததால் பாதியிலேயே குனிந்தபடி நின்றேன்.

அவர் மேலிருந்து என் முதுகைப் பார்த்தார். பிறகு என் முதுகில் ஒரு காலை ஊன்றி, பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் போல நிதானமாக, எங்கள் வீட்டுக்குள் இறங்கினார்.