கரமனையின் முன்மாதிரி நுகர்வுக் குடும்பம்

நாட்டு மக்கள் போன வருஷத்தைவிட இந்த வருஷம் எவ்வளவு கூடுதலாகச் செலவு செய்கிறார்கள் என்று கண்டறிந்து மகிழ்வதற்காகத் திருவனந்தபுரத்தில் ஓர் அலுவலகம் இருக்கிறது. பெயர், குடும்ப நுகர்வு வளர்ச்சிப் பிரிவு. நான் அங்கே கிளார்க். மேற்படி மகிழ்ச்சியைக் கோப்பில் ஏற்றுவது என் வேலை.

இந்த ஆண்டு மகிழ்ச்சி மந்தம். கரமனைப் பக்கம் ஒரு வீட்டிலும் செலவு ஏறவில்லை. மீனிலிருந்து முட்டைக்கு இறங்கியவர்கள், முட்டையிலிருந்து பப்படத்துக்கு இறங்கியிருந்தார்கள். மேலிடம் விளக்கம் கேட்டது. அப்போதுதான் சர்வேக்குப் போன ரெஜி துள்ளிக்கொண்டு வந்தான்.

"சாரே, ஒரு வீட்ல முன்னூறு சதவீதம்!"

அது இசக்கிசெல்வியின் வீடு. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவள். கொத்தனாரான கணவன் விஜய்குமார் மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டான். அவசரத்துக்குப் பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, கடன் வாங்கிக் கம்பி வைத்தார்கள். ரெஜி விதிப்படி எழுதினான். ஆஸ்பத்திரி பில், சுகாதாரச் சேவை. ஆட்டோ, பயணம். இளநீர், பானம். படுக்கையில் வைக்கும் மலச்சட்டி, நீடித்து உழைக்கும் வீட்டுப் பொருள்.

இவ்வளவு வளர்ந்த குடும்பத்துக்கு ஏழைகளின் பிங்க் ரேஷன் கார்டு எதற்கு? எங்கள் பரிந்துரையின் பேரில் அது வெள்ளைக் கார்டானது. இலவச அரிசி நின்றது. கூடவே இலவச சிகிச்சையும் நின்றது.

இசக்கிசெல்வி எங்கள் ஜாயின்ட் டைரக்டர் ஜெயஷீலா மேடத்தைப் பார்க்க வந்தாள்.

"மேடம், அவுகளுக்குக் கம்பி வச்ச எடத்துல சீழ் வடியுது. ஒடனே எடுக்கலேன்னா காலே போயிரும்னு டாக்டர் சொல்லுதாரு. பழைய கார்டைத் தந்துருங்க."

"தந்தா ஆபரேஷன் ஃப்ரீ, இல்லியா?"

"ஆமா மேடம்."

"அப்போ உங்க செலவு?"

"ஒண்ணும் இருக்காது."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க ஒரு வீட்டை வச்சுத்தான் கரமனை வார்டே நிக்குது. நீங்க செலவழிக்கலேன்னா வளர்ச்சி மைனஸ்ல போயிரும்."

"யாரோட வளர்ச்சி?"

"நாட்டோட வளர்ச்சி."

"அப்போ நாட்டைக் கொண்டுபோய் ஆபரேஷன் டேபிள்ல படுக்கப் போடுங்க!"

ரெஜி சமாதானத்துக்கு வந்தான். "சேச்சி, டென்ஷன் அடிக்கண்டா. கழுத்துல செயின் கிடக்குதல்லே? அதை வித்தா நுகர்வு குறையாது, கேட்டோ."

விற்றாள். வேறு வழி? கால் தப்பியது, வார்டும் தப்பியது. அந்தச் செலவையும் நானே கோப்பில் ஏற்றிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் பாராட்டு விழா. வாக்கரைப் பிடித்தபடி மேடையேறிய விஜய்குமாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடம் இசக்கிசெல்வியிடம் மைக்கை நீட்டினார்.

"இந்த வளர்ச்சியை எப்படிச் சாதிச்சீங்க?"

"இவுக மூணாவது மாடியில இருந்து விழுந்தாக மேடம்."

அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்த ரெஜி புதிய பரிசுப் பட்டியலைப் பார்த்துவிட்டு எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"செகண்ட் பிரைஸ் சாரோட வீட்டுக்காக்கும்!"

என் மனைவி ஷீஜாவுக்கு டயாலிசிஸ் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது.