ஐம்பது பாட்டில் இரத்தம்

உலகத் தலைவர்களெல்லாம் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறார்கள். இரத்தம் எடுக்கச் சொன்ன ஒரே தலைவர், கள்ளக்குறிச்சிச் சீமையின் செம்மல் தமிழ்வேந்தன் அண்ணன்தான். அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளில் ஐம்பது பாட்டில் இரத்தம் சேர்க்கும் வரலாற்றுப் பொறுப்பு, ஒன்றியச் செயலாளர் கலையரசனின் தோளில் விழுந்தது.

கலையரசன் சின்னசேலத்தில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்தார். முதலில் தொண்டர்களை அழைத்தார். 'அண்ணனுக்காக உயிரையும் கொடுப்போம்' என்று சுவரெல்லாம் எழுதிய அவர்கள், உயிர் என்றால் உடனே தருவதாகவும், இரத்தம் என்றால் சர்க்கரை வியாதி இருப்பதாகவும் தெரிவித்தார்கள்.

கலையரசன் தளரவில்லை. கல்வராயன் மலைக்கு வேன் அனுப்பி, பிரியாணி உண்டு என்று சொல்லி, சாமைக் கொல்லைகளில் வேலையாய் இருந்த 'தியாகிகளை' ஏற்றி இறக்கினார்.

இரத்த வங்கியிலிருந்து வந்திருந்த நர்மதா, ஒவ்வொருவர் விரலிலும் குத்தி, ஒரு சொட்டைச் சின்ன மெஷினில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"ஹீமோகுளோபின் கம்மி சார். பன்னண்டரை இருந்தாதான் எடுக்க முடியும். இவருக்கு ஒம்போது."

"அடுத்த ஆளு?"

"எட்டு."

"வேன் ஃபுல்லா கம்மியா? இன்னாம்மா அநியாயம்! மெஷினக் குடுத்தனுப்புனது யாரு, பகலவன் ஆளுங்களா?"

பகலவன் எதிர்க்கட்சி அல்ல. அதைவிடக் கொடிய, அதே கட்சியின் இன்னொரு கோஷ்டி.

"அதெல்லாம் இல்ல சார். ஹீமோகுளோபின்தான் மூச்சுக்காத்த ஒடம்பு பூரா தூக்கிக்கினு போவுது. அது கொறஞ்சா மனுசங்க நடக்கவே முடியாது."

"எதுக்கும்மா நடக்கணும்? படுத்துக்கினுதானே குடுக்கப் போறாங்க?"

மருத்துவ உலகம் இதுவரை சிந்திக்காத கோணம் இது.

வேனில் வந்தவர்களில் கடைசியாக சாமியம்மாள் வந்தாள். மண்டபத்து வாசற்படி ஏறியதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. நர்மதா அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. மெஷின் ஆறு என்றது.

கலையரசனுக்கு நம்பிக்கை பிறந்தது. "இன்னொரு ஆறு இருந்தா ரெண்டையும் சேத்து ஒரே பாட்டிலா எடுத்துடேன். ஆறும் ஆறும் பன்னண்டு ஆவுதில்ல?"

"சார், இவங்களுக்கே இப்ப ரத்தம் ஏத்தணும். விட்டா நெஞ்சு தாங்காது. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு வேன அனுப்புங்க."

கொடுக்க வந்தவள் கேட்கிறாள்! முகாம் தொடங்குமுன்பே கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவதைக் கலையரசன் கண்ணால் கண்டார். ஆனாலும் பிறந்தநாள் பேனருக்கு அடியில் யாராவது செத்துவைத்தால் பகலவன் சும்மா இருப்பானா? மனிதாபிமானம் பொங்க, டிரைவரைக் கூப்பிட்டார்.

"சத்து மாத்திர வாங்கித் தின்னக் கூடாதாக்கா?" என்றாள் நர்மதா.

"எங்க வாங்கறது? எங்கூர் ஆஸ்பத்திரிய இவங்க அண்ணன்தான் வந்து தொறந்து வெச்சாரு. அன்னிக்குச் சாயங்காலம் பூட்டுனதுதான், இன்னும் தொறக்கல."

கலையரசன் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் பட்டாசு வெடித்தது. அண்ணன் வந்துவிட்டார், பின்னாலேயே கேமராக்கள். மேசைமேல் ஒரு பாட்டில்கூட இல்லை.

"அண்ணே, போட்டோவுக்கு நீங்க வெரல மட்டும் நீட்டுங்க, போதும்."

அண்ணன் நீட்டினார். நர்மதா மெஷினை இரண்டு தடவை பார்த்தாள்.

"பதினெட்டு! இவ்ளோ ஜாஸ்தி இருக்கக் கூடாது சார், டாக்டரப் பாருங்க."

'ஜாஸ்தி' என்ற சொல்லுக்குப் பின் வந்ததெல்லாம் கைதட்டலில் மூழ்கியது. கலையரசன் மைக்கைப் பிடுங்கினார். "மலையிலயே இல்லாத ரத்தம் நம்ம அண்ணன் ஒடம்புல ஓடுது!" என்று முழங்கிக்கொண்டே, அவரை வழியனுப்ப வாசல்வரை வந்துவிட்டார். அங்கே இரண்டு பேர் கைத்தாங்கலாக சாமியம்மாளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் நின்று, அண்ணனின் சிவந்த கன்னங்களை ஆற அமரப் பார்த்தாள். அவள் சொன்னதை அணைக்காத மைக் மண்டபம் முழுக்கக் கொண்டுசேர்த்தது.

"எங்குளு ரத்தம் எங்க போச்சினு இவ்ளோ நாளா தெரியாம கெடந்தோம். இந்தா நிக்குது பாரு. எனக்கு ஏத்தறத இவராண்ட இருந்தே எடும்மா, வேத்து ரத்தம் இல்ல."