பத்து நிமிஷ டிராக்டர்

டிராக்டர் இரண்டு முறை இருமி, ஒரு முறை குலுங்கி, நின்றது. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் சரியாகப் பத்து நிமிஷம்தான் ஓடியிருந்தது.

"செத்துருச்சா?" என்று வரப்பிலிருந்து மனைவி கேட்டாள். விதை மூட்டையின் மேல் வசதியாகச் சாய்ந்திருந்தாள்.

"சாகல. யோசிக்குது" என்றான் கணவன்.

தெருவில் அவனுக்கு டாக்டர் என்று பெயர். யார் வண்டி நின்றாலும் இன்ஜின் பக்கம் காதை வைத்து, கண்ணை மூடி, நோயைச் சொல்லிவிடுவான். சொல்வதோடு சரி. எந்த வண்டியும் குணமானதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் மீதிப் பாதி வயலை உழுதால்தான் விதைக்க முடியும். இல்லாவிட்டால் எல்லாம் சேறாகிப் பத்து நாள் போய்விடும்.

"எங்கண்ணனுக்கு ஒரு போன் போடட்டுமா?"

"போட்டுப் பாரு. அப்புறம் டிராக்டர நீயே ஓட்டிக்க."

அவள் அண்ணன் ரோட்டு முனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு முன்னால், டாக்டர் டீசல் ஃபில்டரைக் குனிந்து பார்த்து, "இத மாட்டினவன் கண்ண மூடிக்கிட்டு மாட்டினானா?" என்று கேட்டுவிட்டான். மாட்டியவர் பின்னால்தான் நின்றிருந்தார்.

"நீங்களா கூப்பிடாம இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன் மாப்ள."

"கூப்பிட்டா என் பேர மாத்திக்கறேன் மச்சான்."

அன்றோடு பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமை கேரம் ஆட்டமும் நின்றது. கேரம் போர்டு இப்போது கோழிக்கூண்டுக்கு மூடியாக இருக்கிறது.

முந்தின இரண்டு தடவை போலவே டாக்டர் முதலில் டேங்க் மூடியைத் திறந்தான். டீசல் காட்டும் முள் உடைந்து நான்கு வருஷம் ஆகிறது. அதனால் குச்சியை விட்டு அளப்பதுதான் வழக்கம். திறந்ததும் டேங்க் 'உஸ்ஸ்' என்று மூச்சை இழுத்தது.

"அதுக்கே மூச்சு வாங்குது பாவம்" என்றான். குச்சி பாதி வரை நனைந்தது. "டீசல் இருக்கு. அப்ப காத்து புகுந்திருக்கு."

ஃபில்டர் மேலிருந்த சின்னத் திருகைத் தளர்த்தி, கைப்பம்ப்பை நாற்பது தடவை அமுக்கினான். டீசல் நுரைத்து வந்தது. திருகை இறுக்கி சாவியைத் திருப்பியதும் டிராக்டர் பிடித்துக்கொண்டது.

"பாத்தியா! கை ராசி!"

பத்து நிமிஷம் கழித்து, வயலின் அந்தக் கோடியில், கை ராசி நின்றுபோனது.

"இப்ப என்னவாம்?"

"ஃபில்டர். உங்கண்ணன் மாட்டினதாச்சே."

மறுபடி மூடி, மறுபடி 'உஸ்ஸ்', மறுபடி குச்சி. பிறகு ஃபில்டரைக் கழற்றி, புதிதாக ஒன்றை மாட்டினான். ரப்பர் வளையம் கோணிக்கொண்டது. வண்டி ஓடியது, டீசலும் ஓடியது, அவன் முழங்கால் மேல். பத்து நிமிஷத்தில் வண்டி நின்றது. டீசல் நிற்கவில்லை.

"குழாய்லதான் அடைப்பு" என்று மூடியைத் திறந்து வைத்து, டேங்க்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினான். அடைப்பு ஒன்றும் இல்லை என்பது அவன் வாய்க்கு உடனே தெரிந்தது.

மனைவி தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். "கொப்பளிங்க. ரெண்டு நாளைக்கு அடுப்புப் பக்கம் வராதீங்க."

"சிரிக்காத."

"நான் எங்க சிரிச்சேன்? எங்கண்ணனுக்கு..."

"கூடாது!"

வண்டி இன்னொரு பத்து நிமிஷம் ஓடியது. இந்தத் தடவை அவன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். இன்ஜெக்டர் குழாய்கள் நான்கையும் கழற்றி, சாக்கின் மேல் வரிசையாக வைத்து, துடைத்து, திரும்ப மாட்டினான். சாக்கில் ஒரு வாஷர் மிச்சம் இருந்தது.

"இது எதுல இருந்து வந்துச்சு?" என்றாள்.

"கம்பெனிக்காரன் கூடுதலா ஒண்ணு வச்சிருப்பான்."

டிராக்டர் இப்போது மூன்று காலில் நடக்கும் மாடு போல நொண்டியது. புகை அடுப்பு ஊதியது போல் வெள்ளையாக எழுந்து வரப்பை மறைத்தது. புகைக்குள்ளிருந்து மனைவியின் இருமல் மட்டும் கேட்டது. பத்து நிமிஷம் ஆவதற்குக் கூட டிராக்டர் காத்திருக்கவில்லை.

அவன் மூக்கின் மேல் ஒரு மழைத்துளி விழுந்தது.

நொண்டிய டிராக்டரையும், உழாத நிலத்தையும், விதை மூட்டையையும் பார்த்தான். பிறகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "உங்கண்ணன் இப்ப சும்மாதான் இருப்பாரோ?" என்றான்.

அவள் போனைக் காதில் வைப்பதற்குள், "வந்துட்டேன்" என்று மறுமுனை சொன்னது.

ஐந்தே நிமிஷத்தில் மொபெட் வந்தது. மெக்கானிக் கையில் பெட்டி இல்லை, ஸ்பேனர் இல்லை. சட்டைப் பையில் ஒரு ஊக்கு மட்டும் குத்தியிருந்தது. டாக்டருக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. என்ன திமிர்!

மெக்கானிக் இன்ஜினைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக டேங்க் மூடியைக் கழற்றி, ஊக்கால் மேலே குடைந்தார். சிவப்பாக ஏதோ உருண்டு விழுந்தது.

"மூடியில ஒரு ஓட்டை இருக்கும் மாப்ள. டீசல் குறையக் குறைய அது வழியா காத்து உள்ள போகணும். அடைச்சா டேங்க் டீசல விடாது. நீங்க திறந்து பாத்தப்பல்லாம் காத்து போயிருக்கு, வண்டி ஓடியிருக்கு."

"அப்ப நான் பண்ணின ரிப்பேரு?"

"அத ரிப்பேர் பண்ணத்தான் நேரமாகும். அந்த வாஷரக் குடுங்க. ஸ்பேனரும் குடுங்க."

"ஓட்டைய அடைச்சது என்ன மச்சான்?"

"தேனீ. மெழுகு வச்சிருக்கு."

"தேனீ செவப்பாவா வைக்கும்?"

"டீசல் வாசம் பட்டா செவக்கும்" என்றார் மெக்கானிக், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல்.

அரை மணி நேரத்தில் நான்கு சிலிண்டரும் ஒன்றாகப் பேசின. மெக்கானிக் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தார். இருவரும் சேர்ந்து கடைசிச் சுற்று உழுது முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. வயலோரம் டிராக்டர் நிறுத்தும் ஷெட்டுக்குள் ஓடினார்கள்.

"பேர மாத்திக்கறேன்னு சொன்னீங்களே, என்ன வைக்கலாம்?"

"நோயாளின்னு வச்சிக்கங்க மச்சான்" என்று டாக்டர் சிரித்தான். கண் ஓரம் ஈரமாக இருந்தது. டீசல் என்று சொல்லிக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை வாங்க. கோழிக்கு வேற மூடி பாத்துக்கறேன்."

மனைவி டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது, மெக்கானிக்கின் சம்சாரம் குடையோடு உள்ளே வந்தாள்.

"ஏங்க, வீட்ல கரண்ட் போயிருச்சு. நேத்து சாயங்காலம் இந்த ஷெட்டுக்கு எடுத்துட்டு வந்தீங்களே அந்தச் செவப்பு மெழுகுவத்தி, அதுல கொஞ்சமாவது மிச்சம் இருக்கா?"