படம் வரையாத ஓவியர்

ஓவியர்களில் ஒரு வகை உண்டு. அவர்கள் வரைவதில்லை, வரைவதற்கான சொற்களை மட்டும் சேகரிப்பார்கள். என் அப்பா அதில் முதல் தரம்.

நாங்கள் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, குளியலறைக் கதவுக்குப் பெயின்ட் அடித்தது. நான் பொறியாளர். டப்பாவைப் படித்துவிட்டு, முதல் பூச்சு காய நான்கு மணி நேரம் ஆகும் என்றேன். அதைப் பூச்சு என்று சொன்னதே அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“அது அண்டர்பெயின்டிங், கண்ணு.”

“சரிப்பா. கீழே சொட்டுது பாருங்க.”

“சொட்டலை. எக்ஸ்பிரஷனிசம். உள்ளே இருக்கிற கொந்தளிப்பு வெளியே வருது.”

“துடைக்கட்டுமா?”

“கொந்தளிப்பை யாராவது துணி வச்சுத் துடைப்பாங்களா?”

இந்த வகையை எப்படி அடையாளம் காண்பது? மிகச் சுலபம். பணி ஓய்வு பெற்ற மறுவாரம் தொடக்கநிலை ஓவிய வகுப்பில் சேர்வார். நிறத்தில் வெள்ளை கலந்தால் டின்ட், கறுப்பு கலந்தால் ஷேட், சாம்பல் கலந்தால் டோன் என்று முதல் நாளே தெரிந்துகொண்டு, பால் கூடிப்போன தேநீரை ‘இது வெறும் டின்ட்’ என்று அடுப்படிக்குத் திருப்பி அனுப்பி, பெயின்டைக் கெட்டியாக அப்புவதற்கு இம்பாஸ்டோ என்று பெயர் என்பதால் ரொட்டியில் வெண்ணெயையும் அப்படியே அப்பி, பேருந்துக்கு நிற்பவர்களிடம் சாலை ஒடுங்கி மறையும் புள்ளியைக் காட்டி, அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேருந்தையும் கோட்டை விட வைப்பார். தூரிகை? உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கும்.

அம்மாவுக்கு ஒரே ஆசை. அவர் கையால் தன்னை ஒரு படம். ஞாயிறுதோறும் தலைசீவி, ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காருவாள்.

“ஏங்க, கழுத்து வலிக்குது. ஒரு கோடாவது போட்டீங்களா?”

“பொறு. உன்னை இம்ப்ரெஷனிசத்துல போடுறதா, கியூபிசத்துல போடுறதான்னு இன்னும் முடிவாகலை.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“முதல்ல சொன்னதுல எட்ட நின்னு பார்த்தாத்தான் நீ தெரிவே. அடுத்ததுல உன் ரெண்டு காதும் ஒரே பக்கம் வரும்.”

“ரெண்டும் வேணாம். என்னை என்னை மாதிரியே போடுங்க.”

“அது ரியலிசம். அதுதான் ரொம்பக் கஷ்டம்.”

கதவு காய்ந்தது. அடுத்த வாரம் அப்பா இறந்துபோனார். இதயம். தாளில் ஒரு கோடுகூட இல்லை.

பத்து நாள் கழித்து, படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“சார் சொன்ன சட்டம் தயாரா இருக்கும்மா. பதினெட்டுக்கு இருபத்துநாலு, தங்க விளிம்பு. வந்து எடுத்துக்கிறேன்னாரு, ஆளைக் காணோம். வீட்டம்மா படம்னாரே, முடிச்சுட்டாரா?”

அம்மாவிடம் சொன்னேன். “படமே இல்லாம சட்டமா!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு, “நீயாவது போடேன்” என்றாள்.

போடலாம். இரண்டு வாரமாகத் தாள் வகைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். சொரசொரப்பில் மட்டும் மூன்று உண்டு, தெரியுமா?

நீங்கள் சிரிக்க வேண்டாம். இந்த ஒரு பக்கத்தில் நீங்களும் ஒன்பது பத்துச் சொல் சேர்த்துக்கொண்டீர்கள். பென்சிலைத் தொட்டீர்களா?

சட்டம் இன்னும் கடையில்தான் இருக்கிறது.