மச்சானுக்கு ஒரு கேக்கும் ஒரு கடிகாரமும்

786

கொடைக்கானல் பஜார்,
11-11-1960, வெள்ளிக்கிழமை.

ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டி முதலாளியும், என் மனைவி ரஹ்மத் பீவியின் உடன்பிறந்த அண்ணனும், மலை வியாபாரிகள் சங்கத்தின் தலைவரும் (ஆமாம், என் கையாலேயே எழுதிவிட்டேன்) ஆகிய கண்ணியத்திற்குரிய ஒலியுல்லா மச்சான் அவர்களுக்கு, ரொட்டிக்கடை நசுருதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் ரஹ்மத்தும் மகள் சர்புன்னிசாவும் இந்தப் பாழாய்ப்போன குளிரைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கு உங்கள் வீட்டில் அனைவரும் சுகமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக. இரண்டு வருஷமாக ஒரு வரி எழுதாதவன் இன்று ஏன் எழுதுகிறான் என்று திகைக்க வேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. எனக்குத்தான் ஒன்று ஆகிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நமக்குள் நடந்தது உங்களுக்கும் தெரியும், என்றாலும் என் வாயால் ஒரு தரம் சொன்னால்தான் என் நெஞ்சு ஆறும். சங்கத் தலைவர் தேர்தலில் நாம் இருவரும் நின்றோம். தனக்குத்தானே ஓட்டுப் போட்டுக்கொள்வது, பந்தியில் உட்கார்ந்து கறியைத் தன் தட்டில் தானே அள்ளிப் போட்டுக்கொள்வது மாதிரி மரியாதை கெட்ட வேலை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ‘நான் உங்களுக்குப் போடறேன், நீங்க எனக்குப் போடுங்க’ என்று கைகொடுத்தோம். என் கடை பிஸ்கட் டின்தான் ஓட்டுப்பெட்டி. நாற்பத்தொரு சீட்டு. எண்ணினால் உங்களுக்கு இருபத்தொன்று, எனக்கு இருபது. நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவன். அப்படியிருந்தும் ஒரே ஓட்டில் தோற்றேன் என்றால் என்ன அர்த்தம்? நீங்கள் உங்களுக்கே போட்டுக்கொண்டீர்கள் என்றுதானே அர்த்தம்? எனக்குப் போட்ட இருபது பேரில் பதினெட்டுப் பேர் கடைக்கே வந்து சத்தியம் பண்ணி, ஆளுக்கொரு பன்னும் தின்றுவிட்டுப் போனார்கள். மீதி இரண்டு நல்லவர்கள் யாரென்று இன்றுவரை தெரியாது. தெரியாவிட்டாலும் அவர்களுக்காகத் தொழுகைக்குத் தொழுகை துஆ கேட்டு வருகிறேன்.

அந்தக் கோபத்தில்தான், சங்கத்துக்கு நான் அன்பளிப்பாகக் கொடுத்த சுவர்க்கடிகாரத்தைக் கீழே சங்கக் கட்டடத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்தேன். உங்கள் மகனுக்கும் சர்புன்னிசாவுக்கும் பேசி முடித்திருந்த சம்பந்தத்தையும் நிறுத்தினேன். கடிகாரம் மலையேறியதும் ஈரத்தில் புத்தி பேதலித்துப் போய், மதியம் லுஹர் தொழுகை நேரத்தில் ஒன்பது மணி அடிக்கிறது. அது அடிக்கும்போதெல்லாம் ரஹ்மத் ஒரு பெருமூச்சு விடுகிறாள். மகள் என் முகம் பார்த்துப் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. சாப்பாட்டுத் தட்டை வைப்பாள், போய்விடுவாள். பெற்ற பெண்ணை எத்தனை நாள்தான் இப்படி வைத்திருப்பது? ஆனாலும் இறங்கி வர எனக்கு மனசு வரவில்லை.

இப்படி இருக்கையில்தான் இந்த அமெரிக்கா தேர்தல் வந்து சேர்ந்தது. பூண்டியிலிருந்து உங்கள் மண்டிக்குக் கேரட்டு ஏற்றி வருகிற லாரி டிரைவர் மயில்சாமி ஒரு நாள் டீ குடிக்க நின்றவன், நீங்கள் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கென்னடிதான் வரணும் என்று பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். அந்த நிமிஷமே நான் நிக்சன் கட்சி. நிக்சன் கறுப்பா சிவப்பா, எனக்குத் தெரியாது. நீங்கள் கென்னடி, அது போதும் எனக்கு. பஜாரே ரெண்டுபட்டுப் போச்சு. முடிவெட்டுகிற குழந்தைவேல், கென்னடி படத்தைக் காட்டி, அந்தக் கிராப்பு வைத்திருக்கிற மனுஷன் தோற்கவே மாட்டான் என்றார். மாதா கோயில் தெருக்காரர்கள், அமெரிக்காவில் இதுவரை தங்கள் வேதத்துக்காரர் ஒருவர் கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை, இதுதான் முதல் தடவை என்று கென்னடிக்காக மெழுகுவத்தி ஏற்றினார்கள். கிளாவரையிலிருந்து உருளைக்கிழங்கு கொண்டுவந்த பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, யார் வந்தாலும் பிள்ளைகளுக்கு அமெரிக்காப் பால் பவுடர் வருமா என்று மட்டும் கேட்டார்.

இதில் நிஜ அமெரிக்கர்கள் இரண்டு பேர் உண்டு. ஒன்று, மிஷன் பங்களாவில் முப்பது வருஷமாக இருக்கிற ஆரியட் மிஸ்ஸியம்மா. மற்றொன்று, மேட்டுப் பங்களாவுக்கு ஓய்வுக்கு வந்திருக்கிற கத்தோலிக்கச் சாமியார், தாமஸ் சாமியார். அந்தம்மா வேறு சபை, இவர் வேறு சபை. வெள்ளனே என் கடைக்கு ரொட்டி வாங்க வந்தால் போதும், ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் இங்கிலீஷில் முட்டிக்கொள்வார்கள். கென்னடி வந்தால் ரோமாபுரியிலிருந்து போப்பு அல்லவா அமெரிக்காவை ஆளுவார் என்பது அந்தம்மாவின் கவலை. சாமியார் பதிலுக்கு ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆளுகிறவர் மேலே இருக்கிறார் என்று வானத்தைக் காட்டுவார். போன வாரம் மிஸ்ஸியம்மா, ஜெயிப்பது நிச்சயம் என்று, நிக்சன் பெயர் எழுதிய பெரிய கேக்குக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனது. நம்ம கட்சி ஆச்சே என்று நானும் முட்டையைத் தாராளமாக உடைத்து ஊற்றி, பச்சைக் கிரீமில் பெயர் எழுதி வைத்தேன்.

நேற்றுக் காலையில், ரிடையரான போஸ்ட்மாஸ்டர் சுவாமிநாதன் வீட்டு ரேடியோவைச் சுற்றி நாங்கள் பத்துப் பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றோம். அவர் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னார். ஆறு கோடிப் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டதில் வித்தியாசம் லட்சத்துச் சொச்சம்தானாம், மச்சான். நம் சங்கக் கணக்குக்கு அது ஒரு ஓட்டில் கால்வாசி கூடத் தேறாது. கென்னடி ஜெயித்தார். எனக்கு உள்ளுக்குள் உங்கள் சிரிப்புச் சத்தம் கேட்டது. அடுத்தாற்போல் சுவாமிநாதன் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. தோற்றவர் ஜெயித்தவருக்கு வாழ்த்துத் தந்தி அடித்தாராம். தோத்தவரா, ஜெயிச்சவருக்கா என்று மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் ஆமாம் என்றார். யோசித்துப் பாருங்கள், இன்றைக்கு ஆளுகிற கட்சி அந்தத் தோற்ற கட்சிதான். பட்டாளம், ஆகாயக் கப்பல், அணுகுண்டு எல்லாம் கையில் வைத்துக்கொண்டு, இந்தாங்க சாவி என்று நீட்டுகிறார்கள். நான் என்னடாவென்றால் ஒரு கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தவன்.

கடைக்குத் திரும்பினால் மழையில் குடையோடு மிஸ்ஸியம்மா நிற்கிறது. கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது. கேக்கு வேண்டாமென்று சொல்லப் போகிறது, சீசன் இல்லாத காலத்தில் இதை யார் தின்பது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, வேதப் புஸ்தகத் தமிழில் சொன்னது: “நசுருதீன், இந்தப் பேரை எடுத்துப்போடும். அந்தப் பேரை எழுதும்.” கத்தியை எடுத்துச் சுரண்டினேன். பச்சை முழுசாகப் போகவில்லை, அதன் மேலேயே சிவப்பில் கென்னடி என்று எழுதினேன். பாதை வழுக்குகிறது, நீரும் கூட வாரும் என்றது. கேக்கைச் சுமந்துகொண்டு அந்தம்மாவின் பின்னால் மேட்டுப் பங்களாவுக்கு ஏறினேன்.

கதவைத் திறந்த சாமியார், சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஒரு அடி பின்னால் வைத்தார். மிஸ்ஸியம்மா கையை நீட்டியது. எனக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ தமிழிலேயே சொன்னது: “ஜனங்கள் அவரைத் தெரிந்தெடுத்தார்கள். இன்றுமுதல் அவர் எனக்கும் பிரசிடெண்டு.” சாமியார் குனிந்து கேக்கைப் பார்த்தார், சிவப்புக்கு அடியில் தெரிந்த பச்சையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வெட்டி, முதல் துண்டை அந்தம்மாவுக்குக் கொடுத்தார், இரண்டாவதை எனக்குக் கொடுத்தார். அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்கிறேன் மச்சான், நானே சுட்ட கேக்குத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்களா என்று அசந்து போய் நின்றேன். ராக்கெட்டு விடுகிறார்கள் என்று கேட்டபோது கூட எனக்கு இந்த ஆச்சரியம் வரவில்லை. இறங்கி வரும் வழியெல்லாம் சர்புன்னிசாவின் முகம்தான் கண்ணில் நின்றது.

ஆகவே, தோற்ற நசுருதீன் ஜெயித்த ஒலியுல்லாவுக்கு, இரண்டு வருஷம் தாமதமாக, வாழ்த்துச் சொல்கிறேன். இன்றுமுதல் நீங்கள் எனக்கும் தலைவர். சொன்ன சொல்லை மீறி உங்களுக்கே ஓட்டுப் போட்டுக்கொண்டதையும் முழு மனசோடு மன்னித்துவிட்டேன். அதை இனி ஒருபோதும் சொல்லிக்காட்ட மாட்டேன். மயில்சாமி லாரியில் கடிகாரத்தையும், சிவப்பில் உங்கள் பெயர் எழுதிய கேக்கையும் அனுப்புகிறேன். கேரட்டு மூட்டைக்கு மேலே வைக்கச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளின் நிக்காஹுக்கு நீங்களே ஒரு நல்ல நாள் பார்த்து எழுதவும். வீட்டில் பெரியவர்களுக்கு என் சலாமும், சின்னவர்களுக்கு என் துஆவும். அந்தக் கடிகாரம் சரியான மணி அடிக்கிற இடத்தில் உங்கள் தலைமை நீடிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
மு. நசுருதீன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்கு முன் ரஹ்மத்துக்குப் படித்துக் காட்டினேன். மன்னித்த இடம் வந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். “எங்க அண்ணன் சீட்டுல உங்க பேரத்தாங்க எழுதுச்சு. அன்னைக்கே எங்கிட்ட சொல்லிருச்சு. ‘அவருகிட்டச் சொல்லிராத, ரொம்பக் குறுகிப் போயிருவாரு’ன்னு சத்தியம் வாங்கிக்கிருச்சு,” என்றாள். அடுப்படி வாசலில் சர்புன்னிசா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்து, “அப்ப நீங்க யாருக்குப் போட்டீங்க, அத்தா?” என்று கேட்டாள். மகளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. மச்சான், யாரென்று தெரியாது என்று சொல்லி நான் துஆ கேட்டு வந்த அந்த இரண்டு நல்லவர்களில் ஒருவன் நான்தான். இன்னொருவர் நீங்கள். நாம் இரண்டு பேரும் எனக்கே போட்டும் நான் தோற்றிருக்கிறேன். புதுக் கடிதம் எழுத நேரமில்லை, மயில்சாமி ஹாரன் அடிக்கிறான். மேலே ‘மன்னித்துவிட்டேன்’ என்று எழுதிய இடத்தில் ‘மன்னியுங்கள்’ என்று திருத்தி வாசிக்கவும்.