இரண்டு டயமண்ட்

நான் இதுவரை ஒரே ஒரு புத்தகம்தான் எழுதியிருக்கிறேன். இருபத்தாறு பக்கம். அதை முழுதாக வாசித்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அந்த ஒருவர் நானில்லை.

வாசித்தவர் என் மாமா, மனைவியின் வாப்பா. ஓய்வுபெற்ற நில அளவையாளர். அட்டாளைச்சேனையிலிருந்து கல்யாணம் முடித்து கல்முனையில் அவர் வீட்டுக்கு நான் குடிவந்த மாதத்தில், அவரோடு இருபது வருடம் சோடி சேர்ந்து பிரிட்ஜ் சீட்டு ஆடிய டாக்டர், தன் மகளோடு இருக்க அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். எனக்கும் கம்பஸில் படித்த காலத்திலேயே பிரிட்ஜ் பைத்தியம். இது தெரிந்த அன்று மாமா என்னைப் பார்த்த பார்வை, நிக்காஹ் அன்றுகூடப் பார்க்காத பார்வை.

பிரிட்ஜில் எதிரும் புதிருமாக உட்காரும் இருவர் ஒரு சோடி. ஆட்டம் தொடங்குமுன், எந்த இனம் துரும்பு (மற்றதை வெட்டும் இனம்), எத்தனை பிடி எடுப்போம் என்று ஏலம் கூற வேண்டும்; சொல்லும் எண்ணோடு ஆறு கூட்டிக்கொள்ள வேண்டும். ‘ஒரு ஹார்ட்ஸ்’, ‘இரண்டு டயமண்ட்’, வேண்டாம் என்றால் ‘பாஸ்’. இவற்றைத் தவிர வேறு வார்த்தை பேசக்கூடாது, கண்ணைக்கூடச் சிமிட்டக்கூடாது. கையில் இருக்கும் சீட்டைப் பங்காளிக்கு இந்தச் சில சொற்களாலேயே தெரிவிக்க வேண்டும்.

மாமாவின் முறை எளிமையானது. டயமண்ட் இருந்தால் டயமண்ட் என்பார். எனக்கு அது கற்காலமாகத் தெரிந்தது. (அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு. உலகத்தில் எல்லாமே கற்காலமாகத் தெரிந்த வயது.) இணையத்தில் தேடி, மூன்று நாட்டு முறைகளைக் கலந்து, என் மூளையையும் கொஞ்சம் தூவி, இருபத்தாறு பக்கத்தில் ஒரு புதிய ஏல முறையைத் தயாரித்து அச்செடுத்துக் கொடுத்தேன்.

ஐந்தாம் பக்கத்தில் மாமா நின்றுவிட்டார்.

“மருமகன், நீங்க ஒரு ஹார்ட்ஸ் எண்டு தொடங்கி, நான் ரெண்டு டயமண்ட் எண்டு சொன்னா, என்னட்ட டயமண்ட் இரிக்கி எண்டுதானே?”

“இல்ல மாமா. அது கேள்வி. எனக்கு எவ்வளவு பலம் எண்டு என்னட்டக் கேக்கிறீங்க.”

“அப்ப டயமண்ட்?”

“டயமண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி. படிப்பம்.”

படித்தார். அதிகாலை சுபஹு தொழுதுவிட்டு வந்து முற்றத்தில் நடந்தபடி பாடமாக்கினார். இடியப்பம் சாப்பிடும்போது என் மனைவி தாளைப் பிடித்துக்கொண்டு பரீட்சை வைப்பாள்.

“வாப்பா, ஒரு ஹார்ட்ஸுக்கு மூணு கிளப்ஸ்?”

“நாலு ஹார்ட்ஸ் இரிக்கி. பலம் காணாது.”

“சரி!”

என்னை யாரும் பரீட்சித்துப் பார்க்கவில்லை. எழுதினவனுக்கு எதற்குப் பரீட்சை?

மட்டக்களப்பில் போட்டி. மாமா அந்தக் கோப்பையை ஒருமுறையும் வென்றதில்லை. மூன்று வருடமாக அதை வைத்திருந்தவர் ஒரு ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். சிரிக்காமலே சிரிக்கத் தெரிந்த மனிதர். கடைசி ஆட்டத்துக்கு முன் நாங்கள் முதலிடம், அவர் இரண்டாமிடம். கடைசி ஆட்டமும் அவரோடுதான்.

நான் தொடங்கினேன். “ஒரு ஹார்ட்ஸ்.” முகாமையாளரின் பங்காளி பாஸ்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “ரெண்டு டயமண்ட்.”

முகாமையாளர் என் பக்கம் திரும்பினார். பங்காளி சொன்னதன் அர்த்தத்தை மற்றவரிடம் கேட்கும் உரிமை எதிராளிக்கு உண்டு. “தம்பி, அந்த ரெண்டு டயமண்ட் எண்டா என்ன?”

“மாமாட்ட டயமண்ட் நிறைய இரிக்கி எண்டு அர்த்தம், சேர்,” என்றேன், வகுப்பில் முதல் மாணவனைப் போல.

மாமாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. காது மட்டும் சிவந்தது. உஷ்ணம் என்று நினைத்தேன்.

முகாமையாளர் தன் கையிலிருந்த ஐந்து டயமண்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு “பாஸ்” என்றார். என்னிடம் இருந்தது இரண்டே இரண்டு டயமண்ட், அதுவும் பொடி. இதற்கு மேல் ஏறுவது ஆபத்து என்று தீர்க்கமாக யோசித்து நானும் “பாஸ்” என்றேன். நாலாமவரும் பாஸ். ஏலம் முடிந்தது. டயமண்ட் துரும்பு. மாமா எட்டுப் பிடி எடுக்க வேண்டும்.

முதல் சீட்டு விழுமுன் மாமா கையை உயர்த்தினார். தம் பக்கத்து விளக்கம் பிழை என்றால் அதைத் திருத்துவது முறை. சொல்லாமல் விட்டாலும் யாருக்கும் தெரிந்திராது. மாமா அப்படிப்பட்டவரில்லை.

“ஒரு திருத்தம்,” என்றார் மெதுவாக. “மருமகன் எழுதின முறைப்படி அது டயமண்ட் இல்ல. அது கேள்வி.”

முகாமையாளர் அன்று முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். பிறகு டயமண்ட் ஒன்றை இறக்கினார்.

இனி என் சீட்டுகளை விரித்து வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பது மட்டுமே என் வேலை. மாமாவிடம் இருந்தது மூன்று ஏஸ், அழகான ஹார்ட்ஸ், ஒரே ஒரு டயமண்ட். எட்டுப் பிடிக்கு நாலு எடுத்தார். போட்டியில் எல்லா மேசைக்கும் ஒரே சீட்டுகள்தான்; அதே சீட்டோடு மற்ற மேசைகளில் ஹார்ட்ஸில் பன்னிரண்டு பிடி எடுத்தார்கள். நாங்கள் நாலாமிடம். கோப்பை முகாமையாளரோடு போயிற்று.

திரும்பி வரும்போது மாமா கார் ஓட்டினார். காத்தான்குடி தாண்டியது, ஆரையம்பதி தாண்டியது, அவர் கண் ரோட்டை விட்டு அசையவில்லை. கடலில் குதிப்பதா, அட்டாளைச்சேனைக்கே திரும்பிப் போவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். களுவாஞ்சிக்குடியில் ஒரு தேத்தண்ணிக் கடை முன் காரை நிறுத்தினார்.

“மருமகன்.”

“மாமா?”

“இது கேள்வி. பிளேன்டீயா, பால்டீயா?”

மாமாவின் தோள் குலுங்குவதைப் பார்த்து, ஐயோ அழுகிறார் என்று பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். கடைக்காரர் வந்து எட்டிப் பார்க்கும்வரை இருவரும் சிரித்தோம்.

அதன்பிறகு மாமாவின் பழைய முறையிலேயே ஐந்து வருடம் ஆடினோம். ஒருமுறை இரண்டாமிடம்கூட வந்தோம். கோப்பை கிடைக்கவேயில்லை. மாமா மவுத்தாகி, அவரை அடக்கி மூன்று வருடமாகிறது.

வீட்டில் இப்போது யாரும் என்னிடம் நேரடியாக எதையும் கேட்பதில்லை. மீன் வாங்கி வந்தீர்களா என்பதற்கு முன்னாலும் மனைவி, “இஞ்ச, இது கேள்வி” என்று அறிவித்துவிட்டுத்தான் கேட்பாள். சீட்டையே தொட்டிராத என் ஏழு வயது மகளும் நேற்று வந்து நின்றாள்.

“வாப்பா, இது கேள்வி. பூனைக்குட்டி வளக்கலாமா?”

நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்தேன்.

“பாஸ் சொல்லப்படாது,” என்றாள்.

பூனை இப்போது என் நாற்காலியில் படுத்திருக்கிறது.