பன்னிரண்டு பணயக்கைதிகளும் ஹாஸ்டேஜ் ஆன்ட்டியும்

உலகத்தின் எந்த மூலையில் எந்தக் கொள்ளைக்காரன் எந்த வங்கிக்குள் புகுந்து யாரைப் பிடித்து வைத்துக்கொண்டாலும், அவர்களைச் சேதாரமில்லாமல் வெளியே கொண்டுவரத் தெரிந்த ஒரே ஆள் பெங்களூரு ஹெப்பகோடியில்தான் இருந்தார். நைட்டிக்கு மேல் ஒரு டவலைப் போட்டுக்கொண்டு, இருபத்திரண்டு பெண்களுக்குச் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தார்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் எனக்கு முதல் வேலை கிடைத்தபோது நான் தங்கிய பெண்கள் விடுதியில் வார்டன், சமையல்காரர், காவல் தெய்வம் எல்லாம் அவர்தான். ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. நிஜப் பெயரைப் பத்திரிகையில் போட்டால் என்னைச் சும்மா விடமாட்டார். முதலில் எல்லோரும் ‘ஹாஸ்டல் ஆன்ட்டி’ என்றுதான் கூப்பிட்டோம். ஒரு மாதம் அவரோடு உட்கார்ந்து டி.வி. பார்த்ததும் ஹாஸ்டல் தானாகவே பணயக்கைதி என்று பொருள்படும் ‘ஹாஸ்டேஜ்’ ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக் கூடத்து டி.வி.யில் அவர் பார்ப்பது ஒரே வகைப் படம்தான். டப்பிங்கில் தமிழ் பேசும் வெள்ளைக்காரர்கள் யாரையாவது பிடித்து வைத்துக்கொண்டு மிரட்ட வேண்டும். அதிலும் கோடிகளைக் கொட்டி எடுத்த படம் என்றால் சேனலை மாற்றிவிடுவார். ஏழைப் படமாக இருக்க வேண்டும். அதில் ஹெலிகாப்டர் வரும், ஆனால் சத்தம் மட்டும்தான் வரும். கொள்ளைக்காரர்கள் எட்டுப் பேர் என்பார்கள். உற்றுப் பார்த்தால் நாலு பேர்தான் தொப்பியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வருவார்கள். கட்டடத்தில் மொத்தம் ஒரே ஒரு கண்ணாடி உடையும், அதையே மூன்று பக்கத்திலிருந்து காட்டுவார்கள்.

“இதுல என்ன ஆன்ட்டி இருக்கு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“காசு இருக்கிறவன் என்னா பண்றான்? பேசாம குண்டு வெச்சுடுறான். கட்டடம்தான் நடிக்கும். இவங்ககிட்ட வெடிக்க வைக்கக் காசு இல்ல. அதனால பேசிதான் ஆவணும். ஒன்றரை மணி நேரம் மனுசனும் மனுசனும் பேசிகினே இருப்பாங்க. எவ்ளோ நல்லா இருக்குது பாரு!”

பார்ப்பதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வாழ்க்கையை நடத்தவும் அதே பாடத்திட்டம்தான். தண்ணீர் டேங்கர் வராத நாளில் டிரைவருக்குப் போன் போட்டு, குரலைத் தாழ்த்தி, “ஒரு மணி நேரம் டைம் தர்றேன். அதுக்கப்பறம் நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல” என்பார்.

“ஒரு மணி நேரத்துல வரலன்னா என்ன பண்ணுவீங்க?”

“இன்னொரு மணி நேரம் தருவேன். படத்துலயும் அப்டித்தானே?”

சிவாஜிநகருக்குத் திரைச்சீலைத் துணி வாங்க என்னைக் கூட்டிப்போனவர், கடைக்குள் நுழைந்ததும் துணியைப் பார்க்கவில்லை. சுவர்களைப் பார்த்தார். கடைக்காரர் பத்து நிறங்களை எடுத்து விரித்துப் போட்டுவிட்டு, “பாருங்கம்மா, சாயம் போகாது” என்று சொல்லிக்கொண்டிருக்க, ஆன்ட்டி என் காதில் கிசுகிசுத்தார்: “ஒரே வாசல்தான் இருக்குது. ஏதாச்சும் ஆச்சுன்னா அந்த மூட்டைக்குப் பின்னாடி உருண்டுடு. என்னப் பாக்காத, நான் பாத்துக்கறேன்.” அந்தப் பயத்திலேயே எங்கள் ஜன்னல்களுக்கு யாருக்கும் பிடிக்காத ஒரு பச்சை வந்து சேர்ந்தது.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த எங்கள் வாயை ஒரு ஞாயிற்றுக்கிழமை அடைத்துவிட்டது.

என் அறைத்தோழி கலைவாணிக்கு அப்போது இருந்ததைவிட நல்ல கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை அங்கே சேர வேண்டும், ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். ஞாயிறு காலை ராசிபுரத்திலிருந்து அவள் அப்பா வந்தார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆண்கள் மாடிக்கு வரக்கூடாது என்பதால் கூடத்தில் உட்கார்ந்தார். “சர்டிபிகேட்டெல்லாம் கொண்டா பாப்பா, ஒருக்கா பாக்கறேன்” என்றார். இவள் பெருமையாக ஃபைலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவர் அதை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, “கெளம்பு. புதன்கெழம உன்னைய பொண்ணு பாக்க வர்றாங்க. வேலையெல்லாம் போதும்” என்றார்.

கலைவாணி அழுதுகொண்டே மாடிக்கு ஓடி அறையைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவர் கூடத்து நாற்காலியில் ஃபைலை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்து, சிலை மாதிரி உட்கார்ந்துவிட்டார். நாங்கள் நாலைந்து பேர் போய்ப் பேசினோம். ஒருத்தி சட்டம் பேசினாள், ஒருத்தி சண்டை போட்டாள். அவர் கை இன்னும் இறுகியது.

நான் சமையலறைக்கு ஓடினேன். ஆன்ட்டி கோழிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மிக்சியை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டார். அந்த முகத்தில் அப்படி ஒரு நிதானத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

“தனியாதான் வந்துகீறாரா?”

“ஆமாம் ஆன்ட்டி.”

“உள்ள எத்தினி பேரு?”

“எதுக்குள்ள?”

“ஃபைலுக்குள்ள, பேக்கு!”

எண்ணிப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டி.சி., எட்டு செமஸ்டர் மார்க் ஷீட், டிகிரி. “பன்னெண்டு பேர்.”

“சரி. யாரும் கத்தக்கூடாது. மத்தவங்கள மேல போவச் சொல்லு. நீ மட்டும் இரு, மாடிக்கும் கீழுக்கும் சேதி கொண்டுபோவணும்.”

டவலைச் சரிசெய்துகொண்டு கூடத்துக்குப் போனார். கலைவாணியின் அப்பாவுக்கு நேர் எதிரே உட்காராமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வணக்கம் சார். உங்க டிமாண்ட் என்னா?”

“டிமாண்டா? எனக்கு எதும் வேண்டாமுங்க. புள்ள வந்தாப் போதும்.”

“விடியக்காலையில பஸ் ஏறி இருப்பீங்க. ஏதாச்சும் சாப்ட்டீங்களா?”

ஆன்ட்டி காபி கொண்டுவரச் சொன்னார். நுனி வரை ததும்பும் டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, “பாத்து சார். சிந்துனா மேல இருக்கிறது மேலதான் மொதல்ல விழும். அது எது?” என்றார்.

அவர் எட்டிப் பார்த்தார். “பத்தாங்கிளாஸுங்க.”

“ஐயோ, அது பாவம், சின்னது! அத மட்டும் டேபிள்ல வெச்சுடுங்க. கொழந்தைங்கள மொதல்ல விட்டுடணும்.”

என்ன நினைத்தாரோ, எடுத்து வைத்தார். ஆன்ட்டி என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். நான் மூன்று மாடி ஏறிப் போய்க் கதவுக்கு வெளியே நின்று, “கலை, பத்தாங்கிளாஸ் வெளிய வந்தாச்சு” என்றேன். உள்ளே அழுகை சட்டென்று நின்றது.

கோழிக் குழம்பும் சோறும் போட்டதில் பிளஸ் டூவும் டி.சி.யும் வந்தன. அதோடு பேச்சு நின்றுவிட்டது. செமஸ்டர்கள் அசையவில்லை. ஆன்ட்டி கடிகாரத்தைப் பார்த்தார். சலனமே இல்லாமல் டி.வி.யைப் போட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு பெண்ணின் வேலை போகப்போகிறது, இவருக்குப் படம்!

அன்றைக்குப் பார்த்து ஒரு பஸ்ஸைக் கடத்தும் படம். பரம ஏழைப் படம். துப்பாக்கியோடு ஒருவன் பஸ்ஸில் ஏறி, “யாரும் அசையாதீர்கள்!” என்று தூய தமிழில் கத்தினான். கலைவாணியின் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் ஓரக்கண்ணால் பார்த்தார். பத்து நிமிடத்தில் நாற்காலி திரும்பிவிட்டது.

“ஏனுங்க, வண்டி நிக்குதுங்க.”

“எங்க சார் நிக்குது? ஓடிகினுதானே இருக்குது!”

“ஸ்டியரிங்க சும்மா ஆட்டறான். அந்த மரத்தப் பாருங்க, நாலாந்தடவ வருது. முப்பது வருசம் பஸ்ஸுல போனவன் நானு, என்னைய ஏமாத்த முடியுமா?” ஒரு பயணி படியில் தொங்கியதைப் பார்த்ததும், “உள்ள ஏறுப்பா! உள்ள ஏறு!” என்று தன்னையறியாமல் கத்திவிட்டார். பிறகு வெட்கத்தோடு சிரித்தார். அந்தச் சிரிப்பில் நாலு செமஸ்டர் மேஜைக்கு வந்தது. ஆன்ட்டி கேட்கக்கூட இல்லை. கை வலிக்கிறது என்று அவரே வைத்தார்.

விளம்பர இடைவேளை. ஆன்ட்டி டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

“சார், இந்த மாதிரி நெறய பாத்துகீறேன். கதவ சாத்திகினு உக்காருறவன் கெட்டவனா இருக்கமாட்டான். எதுக்கோ பயந்திருப்பான். உங்களுக்கு என்னா பயம்?”

அவர் திரையைப் பார்த்தார். விளம்பரத்தில் யாரோ சட்டை துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

“அவங்கம்மா போயி ரெண்டு வருசம் ஆச்சுங்க. வீட்டுல நா மட்டுந்தான். போன மாசம் பூரா பாப்பா ரெண்டே தடவதான் போன் பண்ணுச்சு. புதுக் கம்பெனி, பெரிய கம்பெனிங்கறாங்க. அப்பறம் அதுவும் இருக்காது.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மாப்பிள்ள வீடு எங்கூட்டுல இருந்து ரெண்டு தெரு தள்ளிங்க. தெனமும் பாக்கலாம்ல?”

ஆன்ட்டி என்னை மாடிப் பக்கம் போகச் சொல்லிக் கண் காட்டினார். இந்த முறை நான் ஏறிப் போய்ச் சொன்னதும் தாழ்ப்பாள் திறந்தது. கலைவாணி வெளியே வரவில்லை, கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். “கிறுக்கு அப்பா. தனியா இருக்க முடியலன்னு சொல்லவேண்டியதுதானே? கல்யாணம்னு ஏன் சுத்தி வளைக்கறாரு?” என்று மூக்கை உறிஞ்சினாள்.

அப்புறம் நடந்ததுதான் பேச்சுவார்த்தை. மாடிக்கும் கீழுக்கும் ஒன்பது தடவை ஏறி இறங்கினேன். தினமும் போன் என்றார் அவர். சரி என்றாள் இவள். வீடியோ கால் என்றார். முதலில் அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளட்டும் என்றாள். மாதம் இரண்டு முறை ஊருக்கு வரவேண்டும் என்றார். ஒரு முறை இவள் போவாள், ஒரு முறை அவர் இங்கே வரவேண்டும் என்று பதில் போயிற்று. பெண் பார்க்க வருகிறவர்களை என்ன செய்வது என்று கேட்டபோது மட்டும் அவர் தடுமாறினார்.

“புதன்கெழம எனக்குக் காச்சல்னு சொல்லிடறேங்க” என்றார், குற்றவாளி மாதிரி.

படம் முடியும்போது மீதி நாலு செமஸ்டரும் வந்து மேஜையில் பதினொரு பேர் இருந்தார்கள். மடியில் டிகிரி மட்டும். ஆன்ட்டி கையை நீட்டினார்.

“இத பாப்பா கையிலதான் குடுப்பேன்” என்றார் அவர்.

கலைவாணி இறங்கி வந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அந்தக் காகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “பத்தரமா வச்சுக்க கண்ணு. லேமினேட் பண்ணிடாத, ஒத்துக்கமாட்டாங்களாம்” என்று சொல்லிக் கொடுத்தார்.

அவர் கிளம்பும்போது ஆன்ட்டி எங்களைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தார்: “பத்தரமா போறதுக்கு வழி குடுத்துட்டோம். வாக்குக் குடுத்துட்டு முதுகுல சுடக்கூடாது. வாசல்ல நின்னுகினு ஒருத்தி ஒரு வார்த்த குத்திப் பேசுனா, ராத்திரி சோறு கிடையாது.” மீதிக் கோழிக் குழம்பை ஒரு டப்பாவில் போட்டு அவர் பையில் வைத்தார். “டப்பாவத் திருப்பிக் குடுக்க வரணும், சொல்லிட்டேன்.”

வந்தார். அடுத்த மாதமே வந்தார். மகளோடு அரை மணி, டி.வி.க்கு முன்னால் ஆன்ட்டியோடு இரண்டு மணி. இரண்டு பேரும் சேர்ந்து திரையில் இருக்கும் போலீஸை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். கலைவாணி எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “எங்கப்பா யாரப் பாக்க வர்றாருன்னே தெரியலடி” என்பாள்.

நான் அந்த விடுதியை விட்டு வந்து சில வருடங்கள் ஆகின்றன. மூன்று கம்பெனி மாறிவிட்டேன். ஒவ்வொரு இடத்திலும் சேரும்போது ஒரு படிவம் தருகிறார்கள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற இடத்தில் யோசிக்காமல் ஆன்ட்டியின் எண்ணை எழுதிவிடுகிறேன். அதற்குப் பக்கத்தில் ‘உறவுமுறை’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அங்கேதான் பேனா கொஞ்ச நேரம் நிற்கிறது.